ஹால்விக்கின் பிற்கால வாழ்க்கை

மூன்று நாளாக விடாமல் பெய்த ஐப்பசி மழையில் வாசல் தகரமும், ஜன்னல் கதவும், கொல்லையில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் வாளியும் ஆளுக்கொரு சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தன. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த தேவிப்ரியாவைத் தலைநிமிர வைத்தது மழை அல்ல. மழைக்கு அடியில், அடுப்படியிலிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்த ஃபிரிட்ஜின் உறுமல். அது கொஞ்ச நேரம் ஓடும், ஒரு உதறு உதறி நிற்கும், மறுபடி ஓடும். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறவளுக்கு அதன் போக்கு மனப்பாடம். இன்று அது நிற்கவே இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவு முழுக்கத் திறந்திருந்தது. அதன் முன்னால் எழிலரசன், அவள் கணவன், பனியனும் கைலியுமாக நின்றிருந்தான். நின்றிருந்தான் என்பதைவிட, முகத்தை உள்ளே கொடுத்துச் சாய்ந்திருந்தான். மேல்தட்டில் இருந்த பால் பாக்கெட்டுகளும் தக்காளியும் தரையில் கிடந்தன. ஐஸ் உருகிய தண்ணீர் அவன் பாதங்களைச் சுற்றிக் குளமாக நின்றது. உள்விளக்கின் வெளுப்பில் அவன் கன்னம் மெழுகுபோலத் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, கை மயிரெல்லாம் குத்திட்டிருந்தது.

"என்னங்க? என்ன தேடுறீங்க?"

அவன் உடனே திரும்பவில்லை. "இங்கிட்டு நல்லாருக்கு தேவி," என்றான், நிதானமாக. "இந்தச் சத்தம் நல்லாருக்கு."

அவள் அவன் தோளைப் பிடித்து நகர்த்திக் கதவைச் சாத்தினாள். தோள் பிணம்போலச் சில்லிட்டிருந்தது. அவன் சிரித்தான். தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்தான். லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு மழை நாளில் வேலை இல்லை. பொழுது போகாமல் ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தேவிப்ரியா இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழ்க் கட்டுரைகள் எழுதுகிறவள். சம்பளம் கிடையாது. ஆவுடையார்கோவிலில் ஒரு தெருக்கோடி வீட்டிலிருந்து, முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேருடன் சேர்ந்து செய்கிற வேலை. அந்த மாதம் விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை வரலாறுகளுக்கான தொகுப்புப் போட்டி நடந்தது. தமிழில் இல்லாத பெயர்களின் பட்டியலில் யாரும் தொடாமல் கடைசியில் கிடந்தது கோர்டன் ஹால்விக் என்ற கனடாக்காரனின் பெயர். பனி வளைதடியாட்டக்காரன், அதாவது ஐஸ் ஹாக்கி ஆடியவன். தொழில்முறை லீக்கில் பதினோரு வருஷம் ஆடியவன். அதில் அவன் போட்ட கோல்கள் ஒன்பது, போட்ட சண்டைகள் இருநூற்றுப் பதினான்கு.

அவன் வேலையே அதுதான். தன் அணிக்காரனை எவனாவது முரட்டுத்தனமாகத் தொட்டால், பனித்தரையில் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை அடித்துப் போடுவது. எதிராளியின் சட்டையைப் பின்பக்கமிருந்து இழுத்துத் தலைக்கு மேலே கவிழ்த்து, அவன் கண்ணையும் கையையும் கட்டிப்போட்டு, கீழேயிருந்து வலது கையால் குத்துவது அவன் பாணி என்று கட்டுரையில் இருந்தது. அப்படிப்பட்ட ஆட்டக்காரனுக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் உண்டு. தமிழில் என்ன எழுதுவதென்று தெரியாமல் போன வாரம் அவள் எழிலரசனிடம்தான் கேட்டாள். அவன் ஒரு காலத்தில் மாவட்டமே அறிந்த கபடிக்காரன்.

"அடிக்கிறதுக்குன்னே ஒரு ஆள டீம்ல வச்சிருந்தா அவன கபடியில என்னன்னு சொல்லுவீங்க?"

எழிலரசன் வாய்விட்டுச் சிரித்தான். "எங்க டீம்ல அவனுக்குப் பேரு எழிலு."

மறுநாள் காலை, மழை கொஞ்சம் தணிந்திருந்தபோது, அவள் 'பிற்கால வாழ்க்கை' என்ற பகுதியைத் தொடங்கினாள். வெளியிடுவதற்கு முன் எழுதிப் பார்க்கும் பக்கத்துக்கு மணல்தொட்டி என்று பெயர். அதில் இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் தன் தமிழுமாக, வாக்கியம் வாக்கியமாகப் பெயர்ப்பது அவள் வழக்கம். முதல் பத்தியின் மூன்றாவது வாக்கியத்தில் அவள் விரல்கள் நின்றன.

ஓய்வுபெற்ற பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், ஹால்விக் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் அதன் முன் நிற்பார் என்று அவருடைய மனைவி மரியன் நினைவுகூர்ந்தார்.

அடுப்படியைப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் சாத்தியிருந்தது. எழிலரசன் கூடத்தில் பாய்மேல் படுத்து ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இந்தப் பத்தியை அவள் தமிழில் இன்னும் எழுதவே இல்லை. தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த வாக்கியம்: அவர் சில சமயம் மனைவியைப் பெயர் சொல்லி அழைக்காமல், பழைய எதிராளி ஒருவரின் சட்டை எண்ணைச் சொல்லி அழைத்தார்.

மத்தியானம் சோறு போட்டாள். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் அவன் கேட்டான்: "ஏழு, அப்பளம் இருக்கா?"

கரண்டி அவள் கையிலேயே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"அப்பளம் இருக்கான்னு கேட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அன்பான, கொஞ்சம் குழம்பிய முகம். எதுவும் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை.

அவன் தூங்கியதும் கொல்லைப்பக்கம் போய், புருஷனோடு ஒரே அணியில் ஆடிய கண்ணனுக்கு ஃபோன் போட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "அண்ணே, ஏழுன்னா யாரு?"

"அவனே சொன்னானா?" என்றான் கண்ணன். "அத வாயில எடுக்கவே மாட்டானே தங்கச்சி. ஒங்க கல்யாணத்துக்கு முந்துன வருஷம். குளத்தூர்ப் பக்கம் ஒரு டோர்னமென்ட், பைனல். ஏழாம் நம்பர் பனியன் போட்ட பய கபடி கபடின்னு பாடி வந்தான். எழிலு கரண்டையப் புடிச்சான். கரண்டைக்கால அவன் புடிச்சா எவனும் தப்ப முடியாதுல்ல, அப்பிடி இழுத்தான். பய தலகுப்புற விழுந்தான். விழுகையில அவன் முட்டி வந்து எழிலு நெத்திப்பொட்டுல எறங்குச்சு. ரெண்டு பேரையும் ஒரே வேன்லதான் ஏத்துனோம். ஆசுபத்திரியில ஒருத்தன்தான் உசுரோட எறங்குனான்."

"இவுகளுக்குத் தலையில அடியா? எங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"அது ஒண்ணா ரெண்டா தங்கச்சி? பதினஞ்சு வருஷமா மண்டையாலதான ஆடுனான்."

மழை விட்டதும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அதைச் சாயங்காலம் சொன்னபோது எழிலரசன் மறுக்கவில்லை. "போவோம்," என்றான். பிறகு மூக்கைச் சுளித்தான். "என்னமோ கருகுது பாரு. ரப்பர் மாதிரி." அடுப்பு அணைந்திருந்தது. ஒன்றும் கருகவில்லை. மணல்தொட்டியைத் திறக்காமலே, இரண்டாவது பத்தியில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திறந்தாள். இல்லாத ரப்பர் கருகும் வாடை அங்கேயும் இருந்தது.

வியாழன் காலை அவள் மொழிபெயர்க்கவில்லை, படித்தாள். மூன்றாவது பத்தி: வசந்தகாலத்தில் அண்டை வீட்டு நாயொன்று அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தது. அதைச் செய்தவரைத் தேடிப் போனவர்களில் ஹால்விக்கும் ஒருவர். அடித்தவர் அவரே என்பதை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை.

லேப்டாப்பை மூடினாள். தான் படிப்பதால்தான் இது நடக்கிறதோ, படிக்காவிட்டால் அடுத்த பத்தி அங்கேயே நின்றுவிடுமோ என்று ஒரு நினைப்பு வந்தது. எவ்வளவு அபத்தமான நினைப்பு என்று தெரிந்தும் மூடிய லேப்டாப் மேல் ஒரு தலையணையைத் தூக்கி வைத்தாள். வைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டுக்குட்டி கத்தியது.

எதிர்வீட்டுப் பொன்னுத்தாயின் வெள்ளாட்டுக்குட்டி மழைக்கு ஒதுங்கி லோடு ஆட்டோவுக்கு அடியில் நின்றிருந்தது. எழிலரசன் டயரில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே அவள் பார்த்தாள். அவன் குச்சியை மெதுவாகக் கீழே வைத்தான். முழங்கால் மடக்கிக் குனிந்தான். இரண்டு கையும் அகல விரிந்தன. குட்டி காதை ஆட்டிக்கொண்டு அவனைப் பார்த்தது. பாய்ந்தபோது அவன் உடம்பில் நாற்பது வயது இல்லை. பின்னங்காலின் கரண்டை அவன் பிடியில் இருந்தது. ஒரே இழுப்பு. தலைக்கு மேலே தூக்கி, சிமெண்டுப் படியில் அடித்தான். துவைகல்லில் ஈரத்துணி அடிக்கிற சத்தம். மறுபடி. குட்டியின் கத்தல் முதல் அடியிலேயே நின்றுபோயிருந்தது. ஆனால் அவன் நிறுத்தவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. படியிலிருந்து ரத்தம் மழைத்தண்ணீரோடு சேர்ந்து இளஞ்சிவப்பாகத் தெருவுக்கு ஓடியது. அவன் நிமிர்ந்து, அங்கே இல்லாத யாரையோ பார்த்து, "பாயிண்ட் நமக்கு," என்றான்.

ஒரு மணி நேரம் கழித்துப் பொன்னுத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபோது, அவளுக்குக் குடை பிடித்து நின்றவனும் எழிலரசன்தான். "எந்தப் பாவிப்பய இப்பிடிச் செஞ்சான்? அவன நான் கண்டுபுடிக்காம விட மாட்டேன் அத்தாச்சி," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை என்பது தேவிப்ரியாவுக்குத் தெரிந்தது. அவன் நகக்கண்ணில் ரோமம் ஒட்டியிருந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் நின்றதற்காக அன்று முழுக்கத் தன்னையே வெறுத்தாள்.

பிறந்த ஊருக்குப் போய்விடலாம் என்றால் பஸ் இல்லை. கண்மாய் நிறைந்து அறந்தாங்கிச் சாலையில் இடுப்பளவு தண்ணீர் போகிறது என்றார்கள். அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது ஒரே ஒரு சொல். நினைவுகூர்ந்தார். மரியன் நினைவுகூர்ந்தார். நினைவுகூர்கிற மனைவி பிழைத்த மனைவி. என்ன நடந்திருந்தாலும் அவள் தப்பித்து, எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து, யாரோ ஒரு நிருபரிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, மேகம் இறங்கி வீடு இருட்டிக்கொண்டு வந்தபோது, எழிலரசன் கூடத்தின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரமாக அப்படித்தான். அவள் தலையணையை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். எந்த வாக்கியத்தையும் ஆதாரம் பார்க்காமல் அவள் ஏற்றுவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான், நினைவுகூர்ந்தார் என்பதன் தலைமேல் இருந்த சிறிய எண்ணை அழுத்தினாள்.

பக்கம் அடிக்குறிப்புக்கு இறங்கியது.

மரியன் ஹால்விக்கின் நாட்குறிப்பு. கொலை வழக்கு விசாரணையின்போது நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது.

இரண்டு முறை படித்தாள். மழை ஓங்கியது. கொல்லைக்குப் போய், வாயைப் பொத்திக்கொண்டு கண்ணனை அழைத்தாள். "அண்ணே, வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. இப்பவே வாங்க. இவுகள ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"ஏன் தங்கச்சி, அடிக்கிறானா?"

"இல்ல. இன்னும் இல்ல."

கண்ணன் கால் மணி நேரத்தில் வந்தான். நல்ல உயரம், தாட்டியான உடம்பு. அவனைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட மழைக்கோட்டோடு உள்ளே வந்து, "என்ன மாப்ள, மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு?" என்றான். எழிலரசன் திரும்பினான், சிரித்தான், எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். தேவிப்ரியா டீ போட்டுக் கொண்டுவந்தாள். இருவரும் குடித்தார்கள். பழைய கதை பேசினார்கள். எழிலரசன் ஒரு குறையும் இல்லாத மனுஷனாகத்தான் இருந்தான்.

"வா, புதுக்கோட்டை வரைக்கும் போயிட்டு வருவோம்," என்றான் கண்ணன் எழுந்துகொண்டே. "சுத்திக்கிட்டுப் போனா வழி இருக்கு. சும்மா ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்."

"போவமே," என்றான் எழிலரசன்.

கரண்ட் போயிற்று.

காற்றாடி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. லேப்டாப் திரை மட்டும் எரிந்தது. அதன் வெள்ளைப் பக்கத்தின் வெளிச்சம் கூடத்துத் தரையில் விழுந்து, ஈரமான டைல்ஸ் பளபளத்தது. எங்கிருந்தோ ஒரு குளிர் வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. மழைக்குளிர் அல்ல. உலர்ந்த, மணமே இல்லாத குளிர். அவள் விட்ட மூச்சு அவள் கண்முன்னால் வெள்ளையாகப் புகைந்தது.

"ஏழாம் நம்பர யாருடா நம்ம கோர்ட்டுக்குள்ள விட்டது?" என்றான் எழிலரசன்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளை.

"டேய், அது தேவிடா," என்று கண்ணன் நடுவில் வந்தான். தோளில் கை வைத்தான்.

எழிலரசன் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு ஒரு உதறு உதறினான். கையில் மாட்டிய எதையோ கழற்றிப் போடுகிறவன் மாதிரி. அடுத்த கணம் கண்ணனின் முதுகுப்பக்கம் மழைக்கோட்டைக் கொத்தாகப் பிடித்து, மேலே இழுத்து, தலையோடு கவிழ்த்துவிட்டான். கண்ணனின் முகம் கோட்டுக்குள் போய்விட்டது. கைகள் கோட்டின் கைகளில் மாட்டிக்கொண்டு மேலே நின்றன. வலது கை கீழேயிருந்து ஏறியது.

கபடியில் அப்படி ஓர் அடி கிடையாது. அவள் வாழ்க்கையில் அதைப் பார்த்ததில்லை. எழுதியிருக்கிறாள்.

முதல் குத்தில் மழைக்கோட்டுக்குள் ஏதோ முறிந்தது. இரண்டாவதில் கண்ணன் ஒரு சத்தம் போட்டான். மூன்றாவதிலிருந்து சத்தம் இல்லை. நெருக்கமாக, அவசரமே இல்லாமல், ஒரே இடத்தில். கோட்டின் நுனி வழியாக ரத்தமும் எச்சிலும் கயிறுபோல இறங்கின. பல் ஒன்று டைல்ஸில் உருண்டு அவள் கால் பக்கம் வந்து நின்றது. அவள் கத்தினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவன் முதுகில் அடித்தாள். எவர்சில்வர் குடம் நசுங்கியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிராளியின் முழங்கால் மடியும்வரை அடித்தான். மடிந்ததும் விட்டுவிட்டான். கண்ணன் வாசலுக்கும் அவளுக்கும் நடுவில், குறுக்காக, குப்புற விழுந்து கிடந்தான்.

எழிலரசன் இரண்டடி பின்னால் போனான். முழங்கால் மடக்கினான். கைகளை அகல விரித்தான். விரல்முட்டி நாலும் தோலுரிந்து வெள்ளையாகத் தெரிந்தன.

"பாடு," என்றான்.

"என்னங்க... நான் தேவிங்க. என்னப் பாருங்க."

"பாடாம எங்க கோர்ட்டுல நிக்கக் கூடாது ஏழு." குரலில் கோபமே இல்லை. ஆட்டம் சொல்லிக் கொடுக்கிற பொறுமை. "வாசப்படிதான் கோடு. பாடிக்கிட்டே போயித் தொட்டுட்டேன்னா போயிரலாம். பாட்டு நின்னா நீ எனக்கு."

அவள் வாசற்படியைப் பார்த்தாள். நாலு எட்டு வைத்தால் போதும். மிஞ்சினால் ஐந்து. கதவு திறந்துதான் இருந்தது. வெளியே மழை.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"கபடி கபடி கபடி கபடி—"

அவன் முகம் மலர்ந்தது. அவள் நகர்ந்தபோது அவனும் நகர்ந்தான், அவளோடு, பக்கவாட்டில், பாதம் தூக்காமல், தரையில் வழுக்கிக்கொண்டு. தொடவில்லை. பாடுகிறவரை அவன் தொடமாட்டான். அது மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஒரு எட்டு. கபடி கபடி. இரண்டு. கண்ணனின் தோளைச் சுற்றிப் போக இடமில்லை. தாண்டத்தான் வேண்டும். கபடி கபடி கபடி. வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். ரத்தத்தில் வழுக்கியது. நின்றுகொண்டாள். வாசலுக்கு இன்னும் இரண்டே எட்டு. இடது காலைத் தூக்கினாள்.

வரவில்லை.

கண்ணன் உயிரோடு இருந்தான். கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்திருந்தது. எதுவும் தெரியாமல், அகப்பட்டதைப் பிடித்துக்கொள்கிற கை. அவள் கரண்டைக்காலை இறுக்கிப் பிடித்திருந்தது.

விடுங்கண்ணே என்று சொல்ல முடியாது. சொன்னால் பாட்டு நின்றுவிடும்.

கபடி கபடி கபடி.

இழுத்தாள். பிடி இறுகியது. துணிக்குள்ளிருந்து கண்ணன் முனகினான். நசுங்கிய வாயில் தங்கச்சி என்பதுபோல ஏதோ ஒன்று.

"புடிச்சிட்டான்டா!" என்றான் எழிலரசன், பெருமையாக.

அவன் கிட்டே வந்தான். குனிந்தான். விரித்த கைகள் விரித்தபடியே. அவள் வாய்ப்பக்கம் காதைச் சாய்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு எழுத்தையும் தவறவிடாமல் கேட்கிறவனாக.

கபடி. கபடி. கபடி.

பார்வை ஓரங்களில் கறுத்தது. விலா எலும்புகள் ஒன்றையொன்று தொட்டன. இன்னும் நாலு தடவை சொல்ல அவளிடம் மூச்சு இருந்தது.

மூன்று தடவை.